சில்லறைக்கு ஞாபகம் கிடையாது, வரிசைக்கு உண்டு

முதலில் புதிர். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். (பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பேச்சில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) குடித்தாயிற்று. காசு யார் கொடுப்பது என்று பேச்சு. மேசையில் ஒரு 50 சென் கிடக்கிறது. 2012-இல் வந்த பொன்னிறக் காசு. ஒரு பக்கம் செம்பருத்திப் பூ, மறுபக்கம் 50 என்ற எண்.

"ஒரே ஒரு தடவை சுண்டினா என்ன சுவாரஸ்யம் இருக்கு? மூணு மூணா எடுப்போம். நீங்களே முதல்ல எடுங்கண்ணே" என்கிறான் தம்பி.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு மூன்று வீச்சு கொண்ட ஒரு வரிசையைச் சொல்ல வேண்டும். அப்புறம் காசை விடாமல் சுண்டிக்கொண்டே போவது. யாருடைய வரிசை அடுத்தடுத்த மூன்று வீச்சில் முதலில் விழுகிறதோ அவர் தப்பித்தார். மற்றவர் காசு கொடுக்க வேண்டும். அண்ணன் பூ-பூ-பூ என்கிறார். தம்பி கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு எண்-பூ-பூ என்கிறான். காசில் எந்தக் கோளாறும் இல்லை, கையில் வித்தையும் இல்லை. யார் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்?

கேட்ட மாத்திரத்தில் "ரெண்டு பேருக்கும் சமம்தானே" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். கணக்கோ, எட்டு ஆட்டத்தில் ஏழு தம்பிக்கு என்கிறது.

இது எப்படி என்று பார்ப்பதற்கு முன், "சமம்" என்ற பதிலுக்குப் பின்னால் இருக்கும் நியாயத்தையும் கவனிக்க வேண்டும். அது முட்டாள்தனமான பதில் அல்ல. படிவம் 4 கணிதத்தில் பிள்ளைகள் படிக்கும் விஷயம்தான்: ஒன்று நடந்தது இன்னொன்று நடப்பதற்கான வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது என்றால், அவை சார்பற்ற நிகழ்வுகள். இரண்டும் சேர்ந்து நடப்பதற்கான வாய்ப்பு வேண்டுமென்றால் தனித்தனி வாய்ப்புகளைப் பெருக்கினால் போதும். காசின் ஒவ்வொரு வீச்சும் அப்படி. முந்தின பத்து தடவையும் பூ விழுந்திருந்தாலும் பதினோராவது தடவை பூ விழ வாய்ப்பு பாதிதான். ஆகவே பூ-பூ-பூ விழ ½ × ½ × ½, எட்டில் ஒன்று. எண்-பூ-பூ விழவும் அதே எட்டில் ஒன்று. மூன்றே மூன்று வீச்சோடு ஆட்டம் முடிவதாக இருந்தால் இரண்டும் சமமேதான்.

பெருக்கலாம் என்ற அனுமதி எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது என்பதைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மழையே சொல்லிக்கொடுத்திருக்கும். இந்த ஊருக்குப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனை நடவு தொடங்கியது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே நட்டது. ரப்பர் இருந்த காலத்தில் விடியற்காலை மழை பெய்தால் பட்டை ஈரமாகிவிடும், பால் வெட்டு கிடையாது, அன்றைய கூலிக்கும் ஆபத்து. இரண்டு பக்கத்துத் தோட்டங்களில் தனித்தனியே ஐந்து நாளைக்கு ஒரு நாள் மழை என்று வைத்துக்கொண்டால், இரண்டிலும் ஒரே காலையில் மழை பெய்வது எப்போதோ ஒரு தடவை, இருபத்தைந்து நாளைக்கு ஒரு நாள்தான் என்று யாராவது பெருக்கிச் சொன்னால் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு) நின்ற எந்தத் தொழிலாளியும் சிரித்திருப்பார். ஒரே மேகம்தானே இரண்டு தோட்டத்துக்கும். இன்று பெய்தால் நாளையும் பெய்ய வாய்ப்பு கூடுதல் என்பதும் பருவமழைக் காலத்தில் தெரிந்த விஷயம்தான். மழைக்கு ஞாபகம் உண்டு, காசுக்குக் கிடையாது.

சரி, காசுக்கு ஞாபகம் இல்லையென்றால் தம்பிக்குச் சாதகம் எங்கிருந்து வந்தது?

பூ-பூ-பூ எப்போது முதலில் வர முடியும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தின் முதல் மூன்று வீச்சுமே பூவாக இருந்தால் அண்ணன் ஜெயித்தார். அதற்கு வாய்ப்பு எட்டில் ஒன்று. அந்த மூன்றில் ஒரு தடவை எண் விழுந்துவிட்டால் போதும், அண்ணன் கதை முடிந்தது. அதற்குப் பிறகு எங்கே மூன்று பூ சேர்ந்து வந்தாலும், அந்தப் பூக் கூட்டத்துக்கு முன்னால் ஓர் எண் நின்றாக வேண்டும். அந்த எண்ணும் அதையடுத்த இரண்டு பூவும் சேர்ந்தாலே தம்பியின் வரிசை பூர்த்தியாகிவிடுகிறது. அண்ணன் மூன்றாவது பூவை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தம்பி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டிருப்பான். எட்டில் ஏழு.

இந்த இடத்தில் காசின் நடத்தையில் ஒன்றும் மாறவில்லை. மாறியது நாம் கேட்கும் கேள்வி. ஒரு வரிசை "விழுமா" என்று கேட்டால் எல்லா வரிசையும் சமம். "எப்போது விழும், எதற்கு முன் விழும்" என்று கேட்டால் வரிசையின் உடலமைப்பு கணக்கில் வந்துவிடுகிறது. அதன் வாலும் தலையும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இதைச் சின்ன அளவில் பார்ப்பது நல்லது. மூன்றை விட்டுவிட்டு இரண்டே வீச்சு. பூ-எண் விழ சராசரியாக எத்தனை தடவை சுண்ட வேண்டும்? முதல் பூ வருவதற்குச் சராசரி இரண்டு வீச்சு. பூ கையில் வந்தபின் எண் வர வேண்டும். வராமல் மறுபடி பூ வந்தால் நட்டமில்லை, அந்தப் புதுப் பூவையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆக எண்ணுக்கு இன்னும் இரண்டு. மொத்தம் 4.

இப்போது பூ-பூ. முதல் பூவுக்கு அதே இரண்டு வீச்சு. அடுத்த வீச்சில் பூ வந்தால் முடிந்தது. எண் வந்தாலோ, கட்டியது அத்தனையும் சரிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சராசரியை ச என்று வைத்தால், மூன்று வீச்சு செலவு, பாதி வாய்ப்பில் மறுபடி அதே ச: ச = 3 + ச/2. விடை 6. இரண்டுமே நாலில் ஒன்று வாய்ப்புள்ள வரிசைகள். ஒன்றுக்கு 4 வீச்சு, மற்றதற்கு 6.

இங்கே ஒரு நெருடல் வரும், வர வேண்டும். நீண்ட நேரம் சுண்டிக்கொண்டே போனால் பூ-பூவும் பூ-எண்ணும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் விழும். அப்படியிருக்க ஒன்றுக்கு ஏன் அதிகக் காத்திருப்பு? பூ-பூ கூட்டமாக வருவதுதான் காரணம். பூ பூ பூ என்று மூன்று விழுந்தால் அதற்குள் இரண்டு பூ-பூ இருக்கிறது; நாலு விழுந்தால் மூன்று. பூ-எண் அப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க முடியாது. டவுன் பஸ் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டு, அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வராமல் போகுமே, அந்த மாதிரி. நாள் முழுக்க எண்ணினால் பஸ் கணக்கு சரியாகத்தான் இருக்கும், நிறுத்தத்தில் நிற்பவருக்குத்தான் கால் வலிக்கும்.

இன்னொரு வேடிக்கை: இந்த இரண்டையும் நேருக்கு நேர் போட்டியிட விட்டால் சரிசமம். முதல் பூ விழுந்ததும் அடுத்த வீச்சே தீர்மானித்துவிடுகிறது, பாதிக்குப் பாதி. காத்திருக்கும் நேரம் வேறு, ஜெயிக்கும் வாய்ப்பு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் புதிரில் பலர் வழுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று வீச்சு வரிசைக்கு இதே மாதிரி சமன்பாடு எழுதலாம், ஆனால் அலுப்பு. அதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது. ஷுவோ-யென் ராபர்ட் லி என்ற ஆய்வாளர் 1980-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இருந்து வரும் யோசனை. லாபமே வைக்காத ஒரு சூதாட்டக் கடையைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் புதிதாக ஓர் ஆள் ஒரு வெள்ளியோடு (ரிங்கிட்) வருகிறார். நாம் காத்திருக்கும் வரிசையின் முதல் எழுத்துமேல் (பூவோ எண்ணோ, ஒவ்வொன்றும் ஓர் எழுத்து) அதைக் கட்டுகிறார். ஜெயித்தால் இரண்டு வெள்ளி. அதை அப்படியே இரண்டாவது எழுத்தின்மேல் கட்டுகிறார். ஜெயித்தால் நாலு, அதையும் மூன்றாவதன்மேல். தோற்றால் வெறுங்கையோடு வீட்டுக்கு. வரிசை பூர்த்தியானதும் கடை மூடப்படும்.

வீச்சுக்கு ஒரு ஆள், ஒரு வெள்ளி என்பதால், கடைக்கு வந்த காசும் வீச்சுகளின் எண்ணிக்கையும் ஒன்று. கடை நேர்மையானது, லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஆகவே சராசரியாக உள்ளே வந்த காசு, சராசரியாக வெளியே போன காசுக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்படியானால் கடைசியில் யார் யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால் போதும், காத்திருப்பின் சராசரி வந்துவிடும்!

பூ-பூ-பூவில் கடை மூடும்போது மூன்று பேர் பாக்கெட்டில் காசு. மூன்று வீச்சுக்கு முன் வந்தவரிடம் 8, அடுத்தவர் இரண்டு பூ பார்த்துவிட்டார், அவரிடம் 4, கடைசியாக வந்தவரிடம் 2. மொத்தம் 14. எண்-பூ-பூவில்? முதலில் வந்தவரிடம் 8. அவருக்குப் பின் வந்த இருவரும் எண்ணின்மேல் கட்டினார்கள், பூ விழுந்தது, போய்விட்டார்கள். ஆக 8. பூ-எண்-பூவில் முதல் ஆளிடம் 8, கடைசி ஆளிடம் 2, மொத்தம் 10. சமன்பாடு ஒன்றுகூட இல்லை. தன் வாலில் தன் தலையைக் கொண்டிருக்கும் வரிசைகளே தாமதமாக வரும் என்பது கையில் காசு எண்ணுவதுபோல் தெளிவாகத் தெரிகிறது.

மறுபடி ஆட்டத்துக்கு வருவோம். இது வால்டர் பென்னி என்பவர் 1969-இல் ஒரு கணித விளையாட்டு இதழில் போட்ட புதிர். அவர் பெயரிலேயே பென்னி ஆட்டம் என்கிறார்கள். 1974-இல் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பத்தியில் எழுதியபின் பரவலாகத் தெரியவந்தது. அண்ணன் பூ-பூ-பூ எடுத்ததால்தான் தோற்றார், வேறு எடுத்திருந்தால் தப்பித்திருப்பார் என்று தோன்றலாம். இல்லை. அண்ணன் எதை எடுத்தாலும் தம்பியிடம் அதை அடிக்க ஒன்று இருக்கும். அண்ணனின் நடு எழுத்தைத் திருப்பி முன்னால் போடு, அதன்பின் அண்ணனின் முதல் இரண்டு எழுத்தை அப்படியே வை. அவ்வளவுதான் தம்பிக்குத் தெரிய வேண்டியது.

அண்ணன் பூ-பூ-எண் எடுத்தால் தம்பிக்கு மறுபடி எண்-பூ-பூ. நாலில் மூன்று தம்பிக்கு. அண்ணன் உஷாராகி "அப்ப அந்த எண்-பூ-பூவை நானே எடுத்துக்கறேன்" என்றால், தம்பி எண்-எண்-பூ எடுப்பான். மூன்றில் இரண்டு அவனுக்கு. அண்ணன் எண்-எண்-பூவுக்குத் தாவினால் தம்பி பூ-எண்-எண், நாலில் மூன்று. அதையும் பிடுங்கினால் பூ-பூ-எண், மூன்றில் இரண்டு. வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். நாலு வரிசையும் வட்டமாக நின்று ஒன்றையொன்று அடிக்கின்றன, எல்லாரையும் அடிக்கும் ஒரு ராஜா என்று எதுவும் இல்லை. "நீங்களே முதல்ல எடுங்கண்ணே" என்ற மரியாதைக்குப் பின்னால் இருந்தது இதுதான். இந்த விகிதங்களை எந்த இரண்டு வரிசைக்கும் சட்டென்று கணக்கிடக் கணிதவியலாளர் ஜான் கான்வே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வரிசையின் வால் இன்னொன்றின் தலையோடு எத்தனை எழுத்து பொருந்துகிறது என்று எண்ணுவதுதான் அதன் சாரம்.

இதைப் படிக்கும்போதே சிலருக்கு மனது நாலு நம்பர் கடைக்கு (நாலு இலக்க எண்ணின்மேல் பணம் கட்டும் லாட்டரிக் கடை) போயிருக்கும். நம் ஊர்களில் அது இல்லாமல் வாய்ப்பைப் பற்றிப் பேச முடியாது. மோதிய காரின் நம்பர், கனவில் வந்த பாம்புக்கு ஒரு நம்பர், இறந்தவர் வீட்டுக் கதவு நம்பர். "ஏழாயிரத்துச் சொச்சம் ரொம்ப நாளா வரல, இந்த வாரம் வந்தே தீரும்" என்று சொல்பவர் எந்த ஊரிலும் உண்டு. இதில் மேலே சொன்ன வித்தை எதுவும் செல்லாது என்பதைக் கவனிக்க வேண்டும். குலுக்கலில் நாலு இலக்கமும் ஒரே தடவையில் விழுந்து கணக்கு முடிகிறது. புதன் குலுக்கலின் வால் சனிக்கிழமைக் குலுக்கலின் தலையோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதில்லை. அதனால் 1111 என்ற நம்பரும் 4738 என்ற நம்பரும் அச்சு அசல் சமம். "யாராவது 1111 எடுப்பாங்களா" என்று சிரிப்பவர், தாம் எடுத்த நம்பருக்கும் அதே பத்தாயிரத்தில் ஒன்றுதான் என்பதை மறந்துவிடுகிறார். வராத நம்பர் "பாக்கி" வைத்திருப்பதும் இல்லை. ஒவ்வொரு குலுக்கலும் புதுக் கணக்கு.

காத்திருப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். புதன், சனி, ஞாயிறு என வாரம் மூன்று குலுக்கல், வருடத்துக்கு 156. சிறப்புக் குலுக்கல்களை விட்டுவிடுவோம். ஒரே நம்பரை ஒரே கடையில் விடாமல் எடுத்தால் முதல் பரிசுக்குச் சராசரிக் காத்திருப்பு 10,000 குலுக்கல், அதாவது சுமார் 64 வருடம். ஆனால் 'பிக்' முறையில் ஒரு குலுக்கலுக்கு 23 நம்பர்கள் பரிசு பெறுகின்றன. அந்த 23-இல் ஏதோ ஒன்றாக உங்கள் நம்பர் வருடத்துக்குள் ஒரு தடவையாவது வர வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு. வருடத்துக்குள் ஏறக்குறைய மூன்று வீட்டுக்கு ஒருவர் "வந்துச்சு, ஆறுதல் பரிசு" என்று சொல்லிக்கொண்டு திரிவதற்கு இதுவே போதும். வெறி தணியாமல் இருப்பதற்கும் இதுவே போதும்.

சரி, கடை நேர்மையா? நம் கற்பனைக் கடையோடு ஒப்பிடுங்கள். பிக் முறையில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்து நம்பருக்கு தலா 180, ஆறுதல் பரிசு பத்துக்கு தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. பத்தாயிரத்தால் வகுத்தால் கட்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்புவது 64 சென். 'ஸ்மால்' முறையில் முதல் மூன்று பரிசு மட்டும்தான்: 3,500, 2,000, 1,000. கூட்டினால் 6,500, அதாவது 65 சென். எந்த நம்பரை எடுத்தாலும் இதேதான். சாமி நம்பரானாலும் சரி, லாரி நம்பரானாலும் சரி. நேர்மையான கடையின் பின்னால் ஓர் அழகான நிரூபணம் ஒளிந்திருந்தது. இந்தக் கடையின் பின்னால் 36 சென் இருக்கிறது.

காசுக்கு ஞாபகம் கிடையாது என்று அடித்துச் சொன்னேன். அதிலும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு, சமீபத்தில் வந்தது. புள்ளியியலாளர் பெர்சி டயக்கோனிஸும் இரண்டு சகாக்களும் 2007-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்: கையால் சுண்டும் காசு லேசாகத் தள்ளாடிச் சுழல்வதால், எந்தப் பக்கம் மேலே இருக்கச் சுண்டினோமோ அதே பக்கம் விழுவதற்கு வாய்ப்பு சுமார் 51 விழுக்காடு. 2023-இல் ஒரு ஆராய்ச்சிக் குழு மொத்தம் 3,50,757 தடவை காசைச் சுண்டிப் பார்த்தது. அதே பக்கம் விழுந்தது 50.8 விழுக்காடு. இந்த உழைப்புக்கு அடுத்த வருடம் இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிப்புப் பரிசு என்றாலும் வேலை சிரிப்பில்லை.

இதன்படி, விழுந்த காசை விழுந்தபடியே எடுத்து மறுபடி சுண்டினால், வீச்சுகள் உண்மையில் முழுச் சார்பற்றவை அல்ல. பூவுக்குப் பின் பூ வர ஓர் இழை கூடுதல் வாய்ப்பு. நம் இரண்டு வீச்சுக் கணக்கை இந்த 50.8-ஐ வைத்துத் திரும்பப் போட்டால் பூ-பூவின் காத்திருப்பு 6-இலிருந்து 5.95-க்கு இறங்குகிறது, பூ-எண்ணின் 4 என்பது 4.05 ஆகிறது. யாருடைய காசையும் இது காப்பாற்றாது. வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கைக்குள் குலுக்கிவிட்டுப் பக்கம் பார்க்காமல் சுண்டுங்கள், அந்த இழையும் போய்விடும்.

நாலு வீச்சு வரிசைக்குப் போனால் புதிர் இன்னும் ஒரு படி முறுக்கிக்கொள்கிறது. பூ-எண்-பூ-பூவுக்குச் சராசரிக் காத்திருப்பு 18 வீச்சு: நம் கடை முறையில் 16-ம் 2-ம். எண்-பூ-எண்-பூவுக்கு 20: 16-ம் 4-ம். ஆக முதலாவதுதான் சீக்கிரம் வரும் வரிசை. ஆனால் இரண்டையும் மோதவிட்டால், 14 ஆட்டத்துக்கு 9 என்ற கணக்கில் ஜெயிப்பது தாமதமாக வரும் எண்-பூ-எண்-பூ! பழைய வித்தையேதான். அதன் கடைசி மூன்று எழுத்து எதிராளியின் முதல் மூன்று எழுத்து. எதிராளி பூ-எண்-பூ வரை வந்து கடைசிப் பூவுக்குக் காத்திருக்கும்போது, அந்த மூன்றுக்கும் முன்னால் ஓர் எண் விழுந்திருந்ததா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஆட்டம் முந்தின வீச்சிலேயே முடிந்துவிட்டது.